வீட்டுச் சுவரில் பத்து மீட்டர்: சிமுலேட்டர் பயிற்சி பற்றி வாசகர் கேள்விகள்

துப்பாக்கி சுடுதல் பழகும் மாணவர்கள், அவர்களின் பெற்றோர், கிளப் பயிற்சியாளர்கள் எனப் பல தரப்பிலிருந்தும், குண்டு இல்லாமலே சுட்டுப் பழக உதவும் சிமுலேட்டர் கருவி பற்றிக் கேள்விகள் வந்திருக்கின்றன. பெரும்பாலானவை 10 மீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றியவை. எனவே பதில்களும் அதைச் சுற்றியே அமைந்துள்ளன.

கேள்வி: 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகுகிறேன். ரேஞ்சுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் போக முடிகிறது. வீட்டில் பயிற்சி செய்ய சிமுலேட்டர் வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது? — கல்லூரி மாணவி, கோவை

சிமுலேட்டர் என்ற ஒரே பெயரில் நான்கு விதமான கருவிகள் விற்கின்றன. அவை அளப்பது ஒன்றையே அல்ல. அதனால் முதலில் அவற்றைப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதல் வகை, துப்பாக்கிக் குழலில் பொருத்தும் சிறிய கேமரா. எதிரே ஒட்டியிருக்கும் டார்கெட்டின் கறுப்பு வட்டத்தை அது விடாமல் பார்த்துக்கொண்டே இருக்கும். குழல் நொடிக்கு நொடி எங்கே திரும்புகிறது என்பதைக் கணினித் திரையில் கோடாக வரையும். ட்ரிக்கர் விடுபடும் அதிர்வை உணர்ந்ததும் அந்த இடத்தில் ஒரு குண்டு விழுந்ததாகக் கணக்கிடும். ரஷ்யத் தயாரிப்பான ஸ்காட் இந்த வகையில் அதிகம் புழங்குவது. இரண்டாவது வகை மான்டிஸ் போன்றவை. இவற்றில் கேமரா இல்லை. துப்பாக்கியின் அசைவை மட்டும் அளக்கும் சென்சார் இருக்கும். ட்ரிக்கர் இழுக்கும்போது கை எந்தப் பக்கம் ஓடியது என்று சொல்லும். ஆனால் டார்கெட்டில் நீங்கள் எங்கே குறி வைத்தீர்கள் என்பது அதற்குத் தெரியாது. மூன்றாவது, ட்ரிக்கர் விடுபடும்போது ஒரு லேசர் புள்ளியைப் பாய்ச்சி, அது விழுந்த இடத்தைச் செல்பேசிக் கேமரா குறித்துக்கொள்ளும் வகை. நான்காவது, கண்ணை மூடி மாட்டிக்கொண்டு மெய்நிகர் காட்சி பார்க்கும் வி.ஆர். ஹெட்செட்.

பத்து மீட்டர் விளையாட்டுக்கு முதல் வகைதான் தேவை. லேசர் வகை உங்களுக்குக் கொடுப்பது ஒரு புள்ளியை மட்டுமே. எட்டு மதிப்பெண் வளையத்தில் விழுந்த புள்ளி ஏன் எட்டில் விழுந்தது? கை நிலையில்லாமல் அலைந்ததாலா, நன்றாக நின்ற கையை ட்ரிக்கர் விரல் கெடுத்ததாலா? புள்ளியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இந்த இரண்டு தவறுகளுக்கும் மருந்து வேறு வேறு. சுடுவதற்கு முந்தைய ஒரு விநாடியைக் காட்டாத கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். கிளப்பில் இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரு கேமரா வகைக் கருவி வாங்கி முறை வைத்துப் பயன்படுத்துவது நல்ல யோசனை. தினமும் அது தேவைப்படாது என்பதை அடுத்து வரும் பதில்களில் பார்ப்பீர்கள்.

கேள்வி: வீட்டு ஹாலில் ஐந்து மீட்டர்தான் நீளம் இருக்கிறது. பத்து மீட்டர் பயிற்சியை அதில் செய்ய முடியுமா? — வாசகர், திருச்சி

முடியும். ஆனால் மூன்று விஷயங்களை அளந்து செய்ய வேண்டும்: டார்கெட்டின் அளவு, உயரம், வெளிச்சம்.

ஏர் ரைபிள் டார்கெட்டின் கறுப்பு வட்டம் 30.5 மி.மீ. விட்டம், ஏர் பிஸ்டலுக்கு 59.5 மி.மீ. தூரம் பாதியானால் கறுப்பும் பாதியாக வேண்டும். ஐந்து மீட்டருக்கு ரைபிளுக்கு 15.25 மி.மீ., பிஸ்டலுக்கு 29.75 மி.மீ. ஆறு மீட்டர் கிடைத்தால் 18.3, 35.7. அச்சிடும்போது பிரின்டர் அமைப்பில் நூறு சதவீதம் என்று வைத்து எடுங்கள். தாளுக்கு ஏற்றபடி சுருக்கு என்ற தேர்வு தானாக இயங்கிக்கொண்டிருந்தால் வட்டம் ஓரிரு மில்லிமீட்டர் குறைந்துவிடும். எடுத்த தாளை ஸ்கேலால் அளந்து பார்த்த பிறகே ஒட்டுங்கள். பளபளக்கும் தாள் வேண்டாம். விளக்கு அதில் பிரதிபலித்தால் கேமராவுக்கு வட்டத்தின் விளிம்பு தெரியாது.

அதிகம் பேர் தவறுவது உயரத்தில்தான். ரேஞ்சில் டார்கெட்டின் மையம் தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இருக்கும். வீட்டிலும் அதே 1.4 மீட்டரில் ஒட்டிவிடுகிறார்கள். ஐந்து மீட்டரில் அது சரியில்லை. உங்கள் கண்ணிலிருந்து ரேஞ்ச் டார்கெட்டின் மையத்துக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், ஐந்தாவது மீட்டரில் அந்தக் கோடு எந்த உயரத்தில் போகிறதோ அங்கேதான் வீட்டு டார்கெட் இருக்க வேண்டும். சுடும் நிலையில் உங்கள் கண் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால், 1.6-க்கும் 1.4-க்கும் நடுவான 1.5 மீட்டர். ஆறு மீட்டர் தூரமென்றால் வித்தியாசமான 0.2 மீட்டரை 0.6-ஆல் பெருக்கிக் கண் உயரத்திலிருந்து கழியுங்கள்: 1.48 மீட்டர். பத்து சென்டிமீட்டர் தாழ்வாக ஒட்டிப் பழகினால் தோளும் இடுப்பும் அந்தத் தாழ்ந்த கோணத்துக்குப் பழகிவிடும். பிறகு ரேஞ்சில் போய் நின்றால் குழல் வட்டத்துக்குக் கீழேயே நிற்கும். அதைத் தசையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுட வேண்டியிருக்கும்.

வெளிச்சம்: போட்டி விதிப்படி பத்து மீட்டர் டார்கெட்டில் குறைந்தது 1500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். வீட்டில் அந்த அளவு வராவிட்டாலும், டார்கெட்டுக்கென்று தனியாக ஒரு விளக்கு வையுங்கள். பக்கவாட்டிலிருந்து சாய்வாக அடிக்கட்டும். மலிவான எல்.இ.டி. பல்புகள் கண்ணுக்குத் தெரியாமல் துடிக்கும். கேமரா அதைப் பிடித்துக்கொண்டால் திரையில் கோடு நடுங்குவதுபோலத் தெரியும். செல்பேசிக் கேமராவை விளக்குக்கு நேரே காட்டிப் பாருங்கள். பட்டை பட்டையாக ஓடினால் அந்த பல்பை மாற்றிவிடுங்கள்.

டார்கெட்டை ஒட்டும் சுவர் செங்கல் அல்லது கான்கிரீட் சுவராக இருக்கட்டும். கதவிலோ, அந்தப் பக்கம் யாராவது நடமாடும் மெல்லிய தடுப்பிலோ ஒட்டக்கூடாது. பெல்லட் (ஏர் துப்பாக்கியின் சிறு குண்டு) இல்லாமல்தானே பயிற்சி என்று கேட்கலாம். துப்பாக்கி எப்போதும் குண்டோடு இருப்பதாக நினைத்துக் கையாளும் பழக்கம் வீட்டில்தான் முதலில் தளரும். பெல்லட் டப்பாவை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள். ஒவ்வொரு முறை துப்பாக்கியைக் கையில் எடுக்கும்போதும் குழல் காலியா என்று கண்ணால் பாருங்கள். கீழே வைக்கும்போது, குழல் காலி என்று காட்டும் சேஃப்டி ஃப்ளாக்கைக் குழலில் செருகிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்குப் பதினான்கு வயது. கடலூரில் பிறந்த துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்து ஏர் ரைபிள் ஆசை வந்திருக்கிறது. வீட்டில் ஸ்பிரிங் ஏர் கன் ஒன்று இருக்கிறது. அதில் சென்சாரைக் கட்டி வெற்றாகச் சுட்டுப் பழகலாமா? — ஒரு தந்தை, கடலூர்

வேண்டாம். ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் ஒருபோதும் சுடக்கூடாது. உள்ளே பிஸ்டன் வேகமாக முன்னே பாயும்போது, குழலை அடைத்துக்கொண்டிருக்கும் பெல்லட்டுக்குப் பின்னால் காற்று அழுந்தி மெத்தைபோல் தாங்கும். பெல்லட் இல்லாவிட்டால் காற்று தடையின்றி வெளியேறிவிடும். பிஸ்டன் நேராக உலோகத்தில் போய் இடிக்கும். சீல் கிழியும், ஸ்பிரிங் முறியும். சென்சாருக்கும் அந்த அடி நல்லதல்ல.

போட்டிக்கான ஏர் ரைபிள்களும் பிஸ்டல்களும் அழுத்தக் காற்று சிலிண்டரில் இயங்குபவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் வெற்றுச் சுடுதலுக்கென்றே ஒரு ஏற்பாடு உண்டு. அதற்கு மாற்றினால் ட்ரிக்கர் அதே எடையில் விடுபடும், காற்று மட்டும் வெளியேறாது. சிமுலேட்டருக்குத் தகுந்தது இந்தத் துப்பாக்கிதான். சிலிண்டரில் பொறித்திருக்கும் தயாரிப்புத் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். உற்பத்தியாளர் சொன்ன காலம் கடந்த சிலிண்டரைப் பயன்படுத்தக்கூடாது. வீட்டு அலமாரியில் கிடக்கும் சிலிண்டருக்கும் இது பொருந்தும்.

உங்கள் மகளுக்கு முதல் ஆறு மாதத்துக்கு சிமுலேட்டரே தேவையில்லை. நிற்கும் முறை, ரைபிளைத் தோளில் வைக்கும் இடம், இடது முழங்கை இடுப்பில் ஊன்றும் இடம் ஆகியவை ஒரு பயிற்சியாளரின் கண்முன் அமைய வேண்டும். அவை அமையாத நிலையில் திரையில் வரும் கோடு எதையும் கற்றுத்தராது. மகள் மனம் சோர்ந்துபோவதுதான் மிஞ்சும்.

கேள்வி: எங்கள் கிளப்பில் கேமரா வகை சிமுலேட்டர் வாங்கி மூன்று மாதமாகிறது. திரையில் பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று கோடுகள் வருகின்றன. பிள்ளைகள் ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். இந்தக் கோடுகளை எப்படி வாசிப்பது? — கிளப் பயிற்சியாளர், மதுரை

இந்தக் கேள்விக்காகவே இத்தனை பக்கத்தையும் ஒதுக்கலாம். ஸ்கோருக்காக சிமுலேட்டர் வாங்கத் தேவையில்லை. அதை ஒரு தாள் டார்கெட்டே சொல்லிவிடும்.

ஸ்காட் மென்பொருளில் பச்சை என்பது குழல் டார்கெட்டுக்குள் வந்து சேரும் பாதை. மஞ்சள், சுடுவதற்கு முந்தைய கடைசி ஒரு விநாடி. நீலம், அந்த ஒரு விநாடிக்குள்ளும் கடைசி 0.2 விநாடி. சிவப்பு, சுட்ட பிறகு குழல் போன வழி. வாசிக்கும்போது ஸ்கோரைக் கையால் மறைத்துக்கொண்டு, முதலில் மஞ்சளையும் நீலத்தையும் ஒப்பிடுங்கள்.

மஞ்சள் பத்துக்குள்ளோ ஒன்பதுக்குள்ளோ அடக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நீலம் மட்டும் சட்டென்று ஒரு பக்கமாக நீளக் கோடாக ஓடுகிறது என்றால், அது ட்ரிக்கர் தவறு. கை நன்றாகத்தான் நின்றது, விரல் கெடுத்தது. பிஸ்டலில் வலது கைக்காரருக்கு அந்த ஓட்டம் பெரும்பாலும் கீழ் இடதாக இருக்கும். விரலோடு சேர்த்து மொத்தக் கையும் இறுகுவதால் வருவது இது. இதற்கு டார்கெட் முன்னால் மருந்து கிடையாது. கறுப்பு வட்டமே இல்லாத வெள்ளைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். குறி பார்க்க உதவும் முன் முனை (ஃப்ரண்ட் சைட்), பின் பள்ளம் (ரியர் சைட்) இரண்டு மட்டும் கண்ணில் இருக்கட்டும். ட்ரிக்கர் விடுபடும் கணத்தில் ஃப்ரண்ட் சைட் அசையாமல் நிற்பதைப் பார்த்தபடி முப்பது முறை. பிஸ்டலின் ட்ரிக்கர் எடை விதிப்படி 500 கிராமுக்குக் குறையக்கூடாது. அந்த எடையில் பெரும்பகுதியை, விடுபடுவதற்கு முன் விரல் இழுத்து நிறுத்தும் முதல் கட்டத்திலேயே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தால், கடைசியில் விரல் சேர்க்க வேண்டிய அழுத்தம் சிறிதாக இருக்கும். முதல் கட்டத்தை எடுக்காமல் காத்திருந்து, குறி சேர்ந்ததும் 500 கிராமையும் ஒரே மூச்சில் இழுப்பவருக்குத்தான் நீலம் ஓடும்.

மஞ்சளே அகலமாக அலைகிறது, நீலமும் அதே அகலத்தில் அலைகிறது என்றால் ட்ரிக்கர் மேல் பழி போடாதீர்கள். அது நிற்கும் திறன். தோள், முதுகு, வயிற்றுத் தசைகளின் வேலை. வாரக் கணக்கில் நிற்கும் பயிற்சியால்தான் அது சுருங்கும். அதுவரை அந்தப் பிள்ளை தன் அலைச்சலை ஒப்புக்கொண்டு, அதற்குள்ளேயே ட்ரிக்கரைச் சீராக அழுத்தக் கற்க வேண்டும். குழல் பத்தைக் கடக்கும் கணத்தைப் பிடிக்கப் பார்ப்பதுதான் எல்லாக் கெட்ட பழக்கங்களுக்கும் தொடக்கம்.

மஞ்சளின் முதல் பாதி மையத்தில், பின்பாதி விலகிப் போகிறது என்றால் நேரம் கடந்து சுடுகிறார். குழல் மையத்துக்கு வந்த பிறகு எத்தனை விநாடி கழித்து ட்ரிக்கர் விடுபட்டது என்பதை மென்பொருள் ஒவ்வொரு குண்டுக்கும் காட்டும். ஒரு பிள்ளையின் நல்ல குண்டுகள் ஐந்து முதல் எட்டு விநாடிக்குள் விழுகின்றன, மோசமானவை எல்லாம் பன்னிரண்டுக்கு மேல் என்று அந்த எண்களிலேயே தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் சொல்ல வேண்டியது ஒன்றே: பத்து விநாடி ஆகிவிட்டதா, துப்பாக்கியைக் கீழே இறக்கு, மூச்சு விடு, மறுபடி ஏற்று. மூச்சை அடக்கியிருக்கும் உடலில் ஆக்சிஜன் குறையக் குறைய முதலில் மங்குவது பார்வை. சைட்டின் விளிம்பு கரைந்துபோனதை அந்தப் பிள்ளையே உணராது.

அடுத்து சிவப்பு. சுட்ட பிறகும் ஒன்றிரண்டு விநாடி கோடு அதே இடத்தைச் சுற்றியே இருக்க வேண்டும். சிவப்பு உடனே மேலேயோ பக்கத்திலேயோ தாவினால், குண்டு போவதற்கு முன்பே மனது வேலையை முடித்துவிட்டது என்று அர்த்தம். சிமுலேட்டரில் இது கூடுதலாக வரும். காரணம் எளிது: சுட்டவுடன் திரையைப் பார்க்கும் ஆசை. தலை திரும்புகிறது, கன்னம் ரைபிளை விட்டு எழுகிறது, சிவப்பு ஓடுகிறது. சில வாரத்தில் அந்தத் திரும்பல் ட்ரிக்கருக்கு முன்பே தொடங்கி, நீலத்தையும் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் திரையைச் சுடுபவருக்குத் தெரியாதபடி திருப்பி வையுங்கள். பத்துக் குண்டு முடிந்த பிறகு பயிற்சியாளரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கட்டும். ஒவ்வொரு குண்டையும் பார்ப்பதற்கு முன், “இது எங்கே போயிருக்கும்?” என்று கேளுங்கள். தன் குண்டு போன திசையைத் திரை பார்க்காமலே சொல்லத் தெரிந்தவருக்கு, போட்டியில் சைட்டைத் திருத்துவதா வேண்டாமா என்ற குழப்பம் வராது.

பச்சைக் கோட்டையும் விட்டுவிடாதீர்கள். பிஸ்டலில் அது மேலிருந்து நேராகக் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் வலப் பக்கத்திலிருந்து வளைந்து வந்து சேர்கிறது என்றால், உடல் இயல்பாகப் பார்ப்பது வலப் பக்கத்தை. கையால் இடது பக்கம் தள்ளிக்கொண்டிருக்கிறார். ரைபிளில் இதைச் சோதிப்பது இன்னும் சுலபம். குறி வைத்த நிலையில் கண்ணை மூடச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முறை மூச்சு விடட்டும். மூடிய கண்ணோடு இருக்கும்போதே குழல் எங்கே போய் நிற்கிறது என்று திரையில் பாருங்கள். மையத்திலிருந்து பக்கவாட்டில் விலகியிருந்தால் பாதங்களை நகர்த்தி மொத்த உடலையும் திருப்ப வேண்டும். கையால் இழுத்துச் சரிசெய்யக்கூடாது. முன்பெல்லாம் சுடுபவர் கண்ணைத் திறந்து பார்த்துத்தான் இதைத் தெரிந்துகொண்டார். கண் திறந்த கணமே கை தானாகத் திருத்திவிடும், உண்மையான விலகல் மறைந்துவிடும். சிமுலேட்டர் செய்யும் பெரிய உபகாரங்களில் இது ஒன்று.

கேள்வி: வீட்டில் சிமுலேட்டரில் சராசரி நன்றாக வருகிறது. ரேஞ்சில் அதே ரைபிளால் ஸ்கோர் குறைகிறது. கருவி பொய் சொல்கிறதா? — வாசகர், சேலம்

கருவி அளப்பது சரி. அளக்காமல் விடும் விஷயங்கள்தான் ஸ்கோரைக் குறைக்கின்றன.

ட்ரிக்கர் விடுபட்ட பிறகும் பெல்லட் குழலை விட்டு வெளியேற ஒரு விநாடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரம் ஆகும். அந்த நேரத்திலும் குழல் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். குறி டார்கெட்டில் விநாடிக்கு 40 மி.மீ. வேகத்தில் நகர்கிறது, மொத்தத் தாமதம் 0.01 விநாடி என்றால் 0.4 மி.மீ. விலகல். ரைபிள் டார்கெட்டில் ஒரு வளையத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 2.5 மி.மீ., அதாவது 0.1 புள்ளிக்கு 0.25 மி.மீ. ஆக, ஒரு குண்டுக்கு சுமார் 0.16 புள்ளி. ஒரு போட்டியின் அறுபது குண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். மென்பொருளில் இந்தத் தாமதத்தைக் கணக்கில் சேர்க்க ஒரு குணகம் இருக்கும். அது பூஜ்யத்தில் இருந்தால் ஸ்கோர் கூடுதலாகவே வரும். ரேஞ்சில் உண்மையான பெல்லட்டோடும் சென்சாரோடும் ஒரே சமயத்தில் இருபது குண்டு சுட்டு, இரண்டு ஸ்கோரும் நெருங்கி வரும்வரை அந்தக் குணகத்தை மாற்றுவதே முறை. பிறகு அதைத் தொடக்கூடாது.

இரண்டாவது காரணம், கேலிப்ரேஷன். சென்சாரின் அச்சும் உங்கள் சைட்டின் அச்சும் ஒன்றல்ல. அதனால் முதல் சில குண்டுகளை வைத்து மையத்தைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது மென்பொருள். ஐந்து குண்டு சுட்டு அவற்றின் சராசரியை மையமாக வையுங்கள். அத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குண்டுகள் இடப் பக்கம் சேரும்போதெல்லாம் மறுபடி மையத்துக்கு இழுத்துக்கொண்டால், நிலையில் இருக்கும் தவறு திரையிலிருந்து அழிந்துபோகும், உடலிலிருந்து அழியாது. இன்னொன்று, வீட்டில் டயாப்டரையோ (ரைபிளின் துளையுள்ள பின் சைட்) பிஸ்டலின் ரியர் சைட்டையோ திருகவே கூடாது. அது ரேஞ்சுக்குச் சேர்த்து வைத்த சைட்.

பெல்லட்டின் தரம், துப்பாக்கி தரும் மெல்லிய உதை, பக்கத்து லேனில் கேட்கும் சத்தம், 75 நிமிடம் ஓடும் கடிகாரம் ஆகியவை வீட்டில் இல்லை. பெல்லட்டும் உதையும் உள்ள பயிற்சி ரேஞ்சில்தான். கடிகாரத்தை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவரலாம். மாதம் ஒரு முறை 15 நிமிடத் தயாரிப்பு, 75 நிமிடத்தில் 60 குண்டு என்று முழுப் போட்டியாகச் சுட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கருவியில் சில சமயம் ஒரு குண்டு இரண்டாகப் பதிவாகிறது. சில சமயம் பதிவாகவே இல்லை. பழுது பார்க்க அனுப்பிவிடலாமா? — கிளப் செயலாளர், தஞ்சாவூர்

அனுப்புவதற்கு முன் இவற்றைப் பாருங்கள். இரண்டாகப் பதிவாவதும், கன்னத்தை வைத்தாலே குண்டு விழுவதும், அதிர்வு உணரும் அளவு மிக அதிகமாக வைக்கப்பட்டிருப்பதால். பதிவாகாமல் போவது அது மிகக் குறைவாக இருப்பதால். வெற்றுச் சுடுதலுக்குச் சத்தம் குறைவு, உண்மையான பெல்லட்டுக்கு அதிகம். எனவே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போது இந்த அளவையும் மாற்ற வேண்டும். ஒருவர் ரைபிளிலிருந்து இன்னொருவர் ரைபிளுக்குச் சென்சாரை மாற்றும்போதும் அப்படியே.

கோடு திடீரென்று துண்டு துண்டாகத் தாவினால் வெளிச்சத்தையும் கேமரா கண்ணாடியையும் பாருங்கள். கண்ணாடியில் விரல் ரேகை பட்டிருந்தாலே போதும். குண்டுக்குக் குண்டு மையம் ஒரே திசையில் மெல்ல நகர்ந்துகொண்டே போனால், சென்சாரின் கிளாம்ப் தளர்ந்திருக்கிறது. வெறும் கையால் அசைத்துப் பார்த்தால் தெரியாது. பென்சிலால் கிளாம்ப் ஓரத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு, இருபது குண்டுக்குப் பிறகு கோடு விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பியுள்ள சென்சாரானால், கம்பியைக் குழலிலிருந்து தொங்கவிடாமல் ரைபிளின் கட்டையோடு ஒட்டிக் கொண்டுபோய், முழங்கை அருகே கொஞ்சம் தளர்வு விட்டு இறக்குங்கள். தொங்கும் கம்பி ஆடினால் அந்த ஆட்டம் அப்படியே கோட்டில் தெரியும். சென்சாரின் எடை குழல் முனையில் கூடுவதால், ரைபிளில் எடை வைத்திருப்பவர்கள் அதே அளவு எடையை முனையிலிருந்து கழற்றிவிட்டுப் பயிற்சி செய்வது நல்லது.

கேள்வி: என் மகன் வி.ஆர். ஹெட்செட்டில் துப்பாக்கி சுடும் விளையாட்டு ஆடுகிறான். அது ரேஞ்ச் பயிற்சிக்கு உதவும் என்கிறான். உண்மையா? — ஒரு தாய், சென்னை

உதவாது. பிஸ்டல் சுடுபவர் கற்க வேண்டிய முதல் பாடம், கண்ணை ஃப்ரண்ட் சைட்டில் குவித்து, தொலைவில் இருக்கும் டார்கெட்டை மங்கலாகவே விட்டுவிடுவது. ஹெட்செட்டில் சைட்டும் டார்கெட்டும் ஒரே கண்ணாடித் திரையில், கண்ணுக்கு ஒரே தூரத்தில் தெரிகின்றன. குவிக்க வேண்டிய வேலையே இல்லை. சைட்டுகளுக்கு இடையே 330 மி.மீ. தூரமுள்ள பிஸ்டலில் ஃப்ரண்ட் சைட் வெறும் 0.1 மி.மீ. விலகினால், பத்து மீட்டரில் 3 மி.மீ. விலகும். இவ்வளவு நுட்பமான அசைவைப் பிளாஸ்டிக் கைப்பிடியில் பழக முடியாது. விளையாட்டாக ஆடட்டும், பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: காவல்துறையும் ராணுவமும் பெரிய திரை வைத்துப் பயிற்சி தருகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? — காவலர் தேர்வுக்குத் தயாராகும் வாசகர், விருதுநகர்

இரண்டும் வேறு. அங்கே உண்மையான அளவும் எடையும் கொண்ட துப்பாக்கியில் அகச்சிவப்பு லேசர் இருக்கும். புரொஜெக்டர் திரையில் ஓடும் காட்சியில் லேசர் பட்ட இடத்தைக் கேமரா கண்டுபிடிக்கும். உதையைப் போலச் செய்ய அழுத்தக் காற்றோ கார்பன் டை ஆக்சைடோ உள்ளே இயங்கும். ஆனால் உண்மையான தோட்டாவின் உதையை விட அது குறைவுதான். 1979-இல் ஃபார்முலா ஒன் உலகப் பட்டம் வென்ற ஜோடி ஷெக்டர், கார் பந்தயத்திலிருந்து விலகிய பிறகு அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம்தான் இந்தத் துறையில் முன்னோடி. இந்தியாவில் ஹைதராபாத்தின் ஜென் டெக்னாலஜீஸ் இத்தகைய சிமுலேட்டர்களைத் தயாரிக்கிறது.

அந்தப் பயிற்சியின் முக்கிய நோக்கங்களில் ஒன்று முடிவெடுப்பது. எதிரே இருப்பவர் கையில் இருப்பது ஆயுதமா செல்பேசியா, பின்னால் பொதுமக்கள் நிற்கிறார்களா, சுடாமலே நிலைமையைக் கையாள முடியுமா என்பதை ஓரிரு விநாடியில் தீர்மானிக்கப் பழக்குவது. சுடாமல் விட்டதும் சரியான விடையாக மதிப்பெண் பெறும். தேர்வுக்கு முன் இதற்கென்று நீங்கள் தனியாகப் பழக வேண்டியதில்லை. பணியில் சேர்ந்த பின் பயிற்சிப் பள்ளியில் கற்றுத்தருவார்கள்.

கேள்வி: இவற்றுக்கு லைசென்ஸ் வேண்டுமா? — பல வாசகர்கள்

சென்சாருக்கும் மென்பொருளுக்கும் வேண்டாம். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் தேவையில்லை. போட்டி ஏர் ரைபிளின் ஆற்றல் சுமார் 8 ஜூல்தான். வாங்கும்போது அடையாளச் சான்று கொடுக்க வேண்டும். அந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். பயணத்தில் துப்பாக்கி எப்போதும் மூடிய பெட்டிக்குள் இருக்கட்டும். வீட்டில் ஜன்னல் வழியே தெருவுக்குத் தெரியும்படி நின்று பயிற்சி செய்யாதீர்கள். பார்ப்பவருக்கு அது விளையாட்டுத் துப்பாக்கி என்று தெரியாது.

கேள்வி: வாரத்துக்கு எத்தனை நாள், எவ்வளவு நேரம் சிமுலேட்டரில் பழகலாம்? — வாசகி, ஈரோடு

கேமராவோடு வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு நாளைக்கு 45 நிமிடம். இது போதும். முதல் பத்து நிமிடம் ட்ரிக்கரைத் தொடாமல் நிற்பது மட்டும்: பிஸ்டல் என்றால் 20 விநாடி பிடித்து 40 விநாடி ஓய்வு, பத்து முறை. அடுத்த பத்து நிமிடம் வெள்ளைச் சுவரில் ட்ரிக்கர். பிறகு டார்கெட்டில் பத்துப் பத்தாக இரண்டு தொடர், நடுவில் ஐந்து நிமிடம் கோடுகளை வாசிக்க. ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயத்தைத் திருத்துங்கள். இன்று நீலம் என்றால் நீலம் மட்டும். சிவப்பும் பச்சையும் காத்திருக்கட்டும்.

கேமரா இல்லாமல் இன்னும் இரண்டு நாள் வெற்றுச் சுடுதல் செய்யுங்கள். அன்று தவறைச் சொல்லித்தர உங்கள் கண்ணும் விரலும் மட்டுமே இருக்கும். ரேஞ்ச் நாட்களை இவற்றுக்காகக் குறைக்கக்கூடாது.

கோடு திடீரென்று அகலமாகத் தொடங்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். களைத்த தோளோடு சுடும் ஒவ்வொரு குண்டும், களைத்த தோளோடு எப்படிச் சுடுவது என்பதைத்தான் கைக்குப் பழக்கும். பதிவுகளை அழிக்க வேண்டாம். மாதத்தின் முதல் நாள் சுட்ட இருபது குண்டையும் கடைசி நாள் சுட்ட இருபது குண்டையும் அருகருகே திறந்து, பத்து வளையத்துக்குள் குழல் இருந்த நேரத்தின் விகிதத்தையும் மஞ்சள் கோட்டின் நீளத்தையும் ஒப்பிடுங்கள். முதலாவது கூடி, இரண்டாவது குறைந்திருந்தால் பயிற்சி சரியான வழியில் போகிறது. அந்த மாதம் ஸ்கோர் ஏறாமல் இருந்தாலும் முறையை மாற்ற வேண்டாம்.